பால் ஊற்றாத டீ

போன பங்குனியில் ஒரு நாள், நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு முந்திரி விவசாயி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மண் மாதிரிப் பை இல்லை, பூச்சி அரித்த இலையும் இல்லை. செல்போனை நீட்டினார். அதில் ஒரு வீடியோ ஓடியது. வெள்ளைத் தேயிலையாம். கிலோ பல ஆயிரம் ரூபாயாம். கன்று ஒன்று 120 ரூபாய்க்குத் தருவார்களாம், விளைந்ததை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம்.

“ரெண்டு ஏக்கர் முந்திரி பழசாப் போச்சு மேடம். ஒரு ஏக்கரை வெட்டிட்டு இதைப் போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன். ஏக்கருக்கு அஞ்சாயிரம் கன்னு. முன்பணம் கேக்கறாங்க.”

மனக்கணக்குப் போட்டேன். ஆறு லட்சம். பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார். வீட்டு நகைதான் என்று புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால், “இங்கே தேயிலை வராதுங்க” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருப்பேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய் முன்பணம் கட்டியிருப்பார். ஒரே வரியில் சொன்ன எதையும் விவசாயி நம்புவதில்லை. முப்பது வருஷ வேலையில் அதைப் பார்த்துவிட்டேன். இந்த முறை அவரை உட்காரவைத்துப் பேச என்னிடம் விஷயம் இருந்தது. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவை வேளாண் கல்லூரியில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த தோழி கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் குடும்பத்துப் பெண். படிப்பு முடிந்து நான் அரசு வேலைக்கு வந்தேன். அவள் ஊருக்கே திரும்பி, அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொண்டாள். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் நிலைமை செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பறித்த பசுந்தேயிலையை அன்றைக்கே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். வைத்திருந்து விற்க முடியாது. தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. கிலோ 20 ரூபாய்க்குக் கீழே இறங்கிய மாதங்களும் உண்டு. பறிகூலி, உரம், வண்டி வாடகை போக என்ன மிஞ்சும்? ஒரு கட்டத்தில், “வித்துட்டு கோயமுத்தூர் வந்துடலாம்னு இருக்கேண்டி” என்று போனில் சொன்னாள். அதற்கு அடுத்த வருஷம்தான் அவளிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே டீத்தூள் இல்லை. வெண்மயிர் போர்த்திய சின்னச் சின்ன ஊசிகள், பூனைக்குட்டியின் வால் நுனி மாதிரி. என் கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நள்ளிரவு ஷிப்டுக்குப் பிளாஸ்க்கில் கொண்டுபோன கெட்டி டீதான் அவருக்கு டீ. அவர் அதில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாலில் போட்டு, இஞ்சி தட்டி, சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்தார். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். “பால்ல இஞ்சி போட்ட மாதிரி இருக்கு. உன் ஃப்ரெண்டு டீ அனுப்ப மறந்துட்டாங்களா?” என்றார். மிச்சத்தை அலமாரியில் வைத்தேன், கடலூர் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள் நான். ஒரு வாரத்தில் அந்தப் பொட்டலமும் போனது.

நடந்ததைச் சொன்னதும் தோழி திட்டவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஜனவரியில வாடி. நீயே கிள்ளிப் பாரு” என்றாள். போனேன்.

வெள்ளைத் தேயிலை என்று தனிச் செடி எதுவும் கிடையாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தினமும் குடிக்கிற கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை மூன்றும் ஒரே செடியிலிருந்து வருபவைதான். கறுப்புத் தேயிலைக்கு இலையை வாட்டி, நசுக்கி, காற்றில் சிவக்க விடுகிறார்கள். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். பச்சைத் தேயிலையில் பறித்த உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடு காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளைத் தேயிலைக்கு நசுக்கலும் இல்லை, வறுத்தலும் இல்லை. விரியாத மொட்டை மட்டும், அல்லது மொட்டோடு ஒன்றிரண்டு இளம் இலைகளைக் கிள்ளி, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வாடவிட்டு, இளஞ்சூட்டில் காய வைக்கிறார்கள். அவ்வளவுதான். மொட்டின் மேல் இருக்கிற வெண்மயிரால் வந்த பெயர் அது.

செய்கிற வேலை குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். தோழி, இலை பறிக்க வரும் அக்கா ஒருவர், நான் என மூன்று பேரும் காலைப் பனி விலகியதிலிருந்து இரண்டரை மணி நேரம் மொட்டு கிள்ளினோம். நகம் படக்கூடாது, மொட்டு கசங்கக்கூடாது. கசங்கின இடம் சிவந்துவிடும். எடை போட்டால் ஒன்றேகால் கிலோ. அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காய்ந்த பிறகு 280 கிராம் நின்றது. தொழிற்சாலைக்குப் போகிற இலை என்றால் அதே நேரத்தில் அந்த அக்கா ஒருவரே பல கிலோ பறித்துவிடுவார். விலை ஏன் அவ்வளவு என்பதில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி நாக்கில் இருக்கிறது.

மறுநாள் தோழி மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே எடை, ஒரே தண்ணீர், ஒரே நேரம். தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்கு ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது: ஐஎஸ்ஓ 3103. நூறு மில்லி தண்ணீருக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். குறைகளை வெளியே இழுத்துப் போடுவதற்கான முறை அது. குடித்து ரசிக்க வெள்ளைத் தேயிலைக்குக் கொதிநீர் அதிகம். தண்ணீர் கொதித்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் போதும். உறிஞ்சும்போது சத்தம் வர வேண்டும் என்றாள். சிறு வயதில் சத்தத்தோடு காபி குடித்ததற்கு அம்மாவிடம் வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறுமாம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு மாதிரிச் சிலதுதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

முதல் கோப்பையில் அவள் தோட்டத்து மொட்டு. நிறம் இளநீர் போல. முதல் மடக்கில் வெந்நீர் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்றமாக இருந்தது. “ஆறட்டும், அவசரப்படாதே” என்றாள். ஆற ஆறத்தான் அது வாய் திறந்தது. வெள்ளரிப்பிஞ்சை ஒடித்தால் வருகிற மணம் லேசாக. விழுங்கிய பின், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு வருமே, அதுபோல ஒன்று.

இரண்டாவது, அதே தோட்டம், அதே நாள், ஆனால் மொட்டோடு இரண்டு இலை. நிறம் புது வைக்கோல். மணத்தில் காய்ந்த மகிழம்பூ. ருசியில் ஒரு துவர்ப்பு. முந்திரிப்பழத்தைக் கடித்தால் தொண்டையைப் பிடிக்குமே, அதில் பத்தில் ஒரு பங்கு. மொட்டை விட இது எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு விலை குறைவு என்று தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது இலங்கையிலிருந்து உறவினர் கொண்டுவந்த ‘சில்வர் டிப்ஸ்’. அங்கே தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2043 என்ற ரகத்தின் மொட்டுக்கு வெண்மயிர் அதிகம், இதற்கென்றே விரும்பி எடுக்கிறார்கள். குடித்தால் பனங்கற்கண்டு கரைத்த தண்ணீரின் சாயல். இலங்கையின் தெற்கே காலிக்குப் பக்கம் ஹந்துனுகொட என்ற தோட்டத்தில், மொட்டில் கை படாமல் கத்தரிக்கோலால் வெட்டியே வெள்ளைத் தேயிலை செய்கிறார்கள். வியர்வை படக்கூடாதாம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கதையும் சேர்ந்துதான் விலையாகிறது.

நாலாவது சீனத்துச் சரக்கு. வெள்ளைத் தேயிலையின் பிறந்த வீடு அந்நாட்டின் ஃபுஜியன் மாகாணம். ஃபுடிங், ஜெங்ஹே என்ற இரண்டு ஊர்களும் இதற்குப் பேர்போனவை. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வருகிற முதல் துளிரில் செய்வது ‘வெள்ளி ஊசி’. மொட்டும் இலையுமாகச் செய்வது ‘பாய் முதான்’. பிறகு முற்றின பெரிய இலைகளில் செய்வது ‘ஷௌ மெய்’. தரவரிசையில் கடைசி, விலையிலும் கடைசி. அந்த ஊர் வெள்ளி ஊசி நம் நீலகிரி மொட்டை விடக் குண்டு. வாயில் நுங்கு போல வழுக்கிக்கொண்டு போகிறது. நல்ல டீதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தது சில வருஷம் பழசான ஷௌ மெய்யைத்தான். அதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவே விடலாம். பேரீச்சம்பழம் ஊறின தண்ணீர் மாதிரி, செம்மஞ்சள் நிறம். விலைப்பட்டியலைப் பார்க்காமல் குடித்தால் நம் நாக்கு எங்கே போய் நிற்கிறது என்று நமக்கே தெரியாது.

அப்புறம் ஐந்தாவதாக ஒரு கோப்பை நகர்த்தினாள், என்ன ஏது என்று சொல்லாமல். குடித்தேன். மற்றதை விடக் கெட்டியாக, வாயில் நன்றாக உறைத்தது. “இதுதாண்டி டீ மாதிரி இருக்கு!” என்றேன். தோழி சிரிக்கவில்லை. வாசலில் நின்ற அந்த அக்காவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். அவர் மூக்கருகே கொண்டுபோனதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “இது அந்த ஜூன் மாசத்துது. கூடையிலேயே ராத்திரி கிடந்தது.”

அவர் சொன்னது சரி. தோழி முதன்முதலாகச் செய்த சரக்கு அது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரக் காற்று, தட்டு போதாமல் ஒரு கூடை மொட்டை அப்படியே இரவு முழுக்க விட்டிருக்கிறாள். உள்ளே சூடேறி, ஓரம் சிவந்து, பழங்கஞ்சி வாடை பிடித்துவிட்டது. வேளாண் பட்டதாரி நான் அதை நல்ல டீ என்றேன். இருபது வருஷமாக இலை பறிக்கிற அக்கா ஒரே மோப்பில் மாதத்தையும் தப்பையும் சொல்லிவிட்டார். இப்போது வாட்டுதல் எப்போது முடிந்தது என்று தீர்மானிப்பது அவர்தான், தோழி இல்லை. பச்சை வாசனை போய்ப் பூ வாசனை வருகிற நேரத்தை அவர் மூக்கு பிடித்துவிடுகிறதாம்.

செடியின் ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அவள் தோட்டத்தில் பழைய விதைக் கன்றுகளும், மணத்துக்குப் பெயர்பெற்ற சி.ஆர். 6017 ரகமும் கலந்து நிற்கின்றன. பனிக்காலத்தில் செடி மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது, மகசூல் விழுகிறது. அதனால் வருஷம் முழுவதும் இதைச் செய்ய முடியாது. இரண்டு வருஷத்தில் அவள் விற்ற வெள்ளைத் தேயிலை மொத்தம் 11 கிலோ. எல்லாம் 50 கிராம் டப்பா, தெரிந்தவர்கள் மூலமாக. மற்ற இலையெல்லாம் இன்றைக்கும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. இந்தப் 11 கிலோ அவள் கடனை அடைக்கவில்லை. ஆனால் தோட்டத்தை விற்கிற பேச்சு இப்போது இல்லை.

நெய்வேலிக்குத் திரும்பி வந்து நானே போட்டுப் பார்த்ததில் ஒரு புது விஷயம் தெரிந்தது: தண்ணீர். எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அதனால் இங்கே தண்ணீர் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் போட்ட டீ சுமாராக இருந்தது. கேன் தண்ணீரில் சப்பென்று இருந்தது. கடற்கரைப் பக்கத்துக் கிராமத்து போர்வெல் தண்ணீரில் நிறம் மங்கி, மேலே ஆடை கட்டியது. ஐப்பசி மழையில் மாடியில் சுத்தமான அண்டா வைத்துப் பிடித்த மழைநீரில்தான் அந்த வெள்ளரிப்பிஞ்சு மணம் மறுபடி வந்தது. கணவரும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இரவு இரண்டு மணி வரை புரண்டுகொண்டிருந்தார். வெளிறிய நிறத்தைப் பார்த்து இதில் காஃபீன் இல்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மொட்டில் காஃபீன் அதிகம். சர்க்கரை நோயைத் தீர்க்கும், அதைத் தீர்க்கும் இதைத் தீர்க்கும் என்று டப்பாவில் அச்சடித்து விற்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த விவசாயிக்கு வருவோம். இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “மலையிலதான் வரும்னா, நீங்க சொன்ன அந்த இலங்கைத் தோட்டம் கடலோரம்தானே மேடம்?”

நியாயம். அஸ்ஸாமிலும் சமவெளியில்தான் தேயிலை கிடக்கிறது. தேயிலைக்கு உயரம் கட்டாயமில்லை. மண்ணில் புளிப்பு வேண்டும், வருஷம் முழுக்கப் பரவலாக ஈரம் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. நம் செம்மண்ணில் சில இடங்களில் அதற்குக் கிட்டத்தில்கூட வரும், மண்ணைக் குறை சொல்ல மாட்டேன். காலிப் பக்கம் ஏறக்குறைய எல்லா மாதமும் மழை. நமக்கோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பிறகு மாசியிலிருந்து வறட்சி, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி. 35 டிகிரியைத் தாண்டினாலே தேயிலை துளிர்ப்பதை நிறுத்திவிடும். சொட்டுநீரும் நிழல்வலையும் போட்டுச் செடியை உயிரோடு வைக்கலாம். துளிர் வாங்க முடியாது. அப்படியே துளிர்த்தாலும் கிள்ள ஆள், வாட்ட இடம், மோந்து பார்க்க மூக்கு? ‘நாங்களே வாங்கிக்கொள்வோம்’ என்கிறவரிடம் கேட்கச் சொன்னேன்: எந்த ரகம், எந்த நாற்றங்கால், ஏற்கெனவே நட்டு மூன்று வருஷமான தோட்டம் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று.

நாலு நாள் கழித்து அவர் ஊர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கே போய்விட்டேன். கையோடு பிளாஸ்க்கில் வெள்ளைத் தேயிலை. கேட்ட கேள்விக்கு அந்த ஆளிடமிருந்து பதில் வரவில்லை என்றார். முன்பணம் கட்டவில்லை. ஆனால் தோப்பை வெட்டுகிற யோசனை போகவில்லை. திண்ணையில் இரண்டு சாக்கு முந்திரிக்கொட்டை இருந்தது.

“எவ்வளவு பருப்பு தேறும்?” என்று கேட்டேன். தெரியாது என்றார். வியாபாரி வருவார், சாக்கில் கையை விட்டுப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். எத்தனை வருஷமாக? அப்பா காலத்திலிருந்து.

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற இடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவராம். கால்மிதி வெட்டுக்கத்தியை எடுத்து வரச் சொன்னேன். நூறு கொட்டை எண்ணி எடை போட்டோம்: 610 கிராம். அவர் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைக்க உடைக்க நான் பிரித்து வைத்தேன். பதினொன்று சொத்தை. பருப்பு 158 கிராம், நூற்றுக்கு 26-க்குக் கொஞ்சம் குறைவு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரகம் நூற்றுக்கு 29 வரை தரும் என்பதால் இது மோசமில்லை. ஆனால் அந்த அம்மா அத்தோடு நிற்கவில்லை. பருப்புகளை விரலால் நகர்த்தி இரண்டு குவியலாக்கினார்.

“இதுல பாதி 240 வரும். இது 320-க்கு மேல போவாது.” ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதுதான் அந்த எண், எண் குறைந்தால் பருப்பு பெரியது, விலையும் அதிகம். “பெருசெல்லாம் கெணத்து மேட்டு மரத்துது. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கட்டறாரு.”

வீட்டுக்காரர் குவியல்களைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஒரு பெரிய பருப்பை எடுத்து, தோலைச் சுரண்டி, வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு சின்னது ஒன்று.

கிணற்று மேட்டில் எத்தனை மரம் என்று எண்ணப் போனோம். பதினேழு. அவற்றின் கொட்டையை இந்தப் பருவத்தில் தனிச்சாக்கில் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். காய்க்காத மற்ற கிழட்டு மரங்களில் அந்தப் பதினேழிலிருந்து ஒட்டுக் கட்ட முடியுமா என்று ஆடியில் போய்ப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து பிளாஸ்க்கைத் திறந்தேன். அந்த அம்மா இரண்டு மடக்கு குடித்துவிட்டு, முகம் சுளிக்காமல், “வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்குங்க மேடம்” என்றார். அப்புறம் டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். “ஆனா வாசனை நல்லாருக்கு.”

அது அந்த மொட்டும் இரண்டு இலையும் சேர்ந்தது. வைக்கோல் என்று நானும்தான் எழுதி வைத்திருந்தேன்.